பாசி என்றால் மீன்

நாகர்கோவில்,
4.11.2012

அன்புள்ள பிரிஜாவுக்கு,

தாணம்மாள் எழுதுவது. இங்கே கரண்டைத் தவிர மற்ற எல்லோரும் சுகம். அங்கே நீயும் ஆன்ட்ரூஸும் குழந்தை ஜின்சியும் சுகமாக இருக்க வேண்டும் என்று எங்கள் தாணுமாலயனையும் உங்கள் மாதாவையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

ஈமெயில் இருக்கும்போது இதென்ன பழங்காலத்துப் பழக்கம் என்று கேட்பாய். ஈமெயில் என்றால் உன் ஜெர்மன் புரொபசருக்கும் ஒரு பிரதி போட வேண்டும் என்று நீயே சொல்லிவிட்டாய். அவருக்குப் புரிய இங்கிலீஷில் எழுத வேண்டும். 'கல்ச்சர்கள் இப்போது கைவசம் இல்லை, வருந்துகிறோம்' என்று ஒரு வரி எழுதலாம். அதற்கு மேல் இங்கிலீஷில் வருத்தப்பட எனக்குத் தெரியாது. அந்த ஒரு வரியை நேற்று அனுப்பிவிட்டேன், பார்த்திருப்பாய். மிச்சம் இதில்.

நம் பாசி போய்விட்டது, பிரிஜா. லேபில் ரேக்கில் இருந்த அத்தனை ஜாடியும். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இந்த வருஷம் கரண்டு படுத்தும் பாட்டை உன் அம்மை போனில் சொல்லியிருப்பார்கள். வரும், போகும், பிறகு ஒரேயடியாகப் போகும். வீட்டில் என்றால் விசிறியை வீசிக்கொண்டு காலம் தள்ளலாம். லேபில் ஏசி நின்றால் அந்த அறை அடுப்பங்கரைதான். காலேஜ் ஜெனரேட்டர் ஆபீசுக்கும் கம்ப்யூட்டர் அறைக்கும் மட்டும். நான் போய்க் கெஞ்சினேன். "செடிக்கு எதுக்கு டீச்சர் கரண்டு? சன்னலுக்க பக்கத்துல தூக்கி வைங்க, வெயிலு அடிக்கும்லா" என்றார்கள். தாவரவியல் துறை இருக்கிற ஒரு காலேஜில் கிடைத்த பதில் இது. என் வீட்டுக்காரர் சுயம்புராஜ்தான் தன் பெயிண்ட் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு மீன்காரர்களிடம் ஐஸ் வாங்கி வந்து தந்தார். பெரிய பேசினில் ஐஸைப் போட்டு ஜாடிகளை அதற்குள் நிறுத்தினேன். ஐஸ் உருகும் வேகத்துக்கு யாரால் ஓட முடியும்?

முதலில் நுனி வெளுத்தது. பிறகு கணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் கூழாகப் படிந்தன. எல்லாவற்றையும் கொட்டி, ஜாடிகளைக் கழுவி, வராந்தாவில் கவிழ்த்து வைத்தேன். அடுத்த துறையின் மிஸ் ஒருத்தி அந்தப் பக்கம் போனவள், "அப்பாடா, நாத்தம் போச்சு" என்றாள். அவள் மேல் கோபம் இல்லை. அது நாறும் என்பது உண்மைதானே. குளத்தில் குளிக்கிற பெண்கள் அதற்கு நாத்தப்பாசி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நமக்கு இது இரண்டாம் அடி. 2004 டிசம்பர் வரை நாம் கடல்பாசிக்காரிகளாக இருந்தோம். முட்டம் பாறைகளில் வழுக்கி விழுந்து சேர்த்ததையெல்லாம் காயவைத்து, ஒட்டி, குளச்சலில் உங்கள் வீட்டுப் பரணில் அடுக்கினோம். கடல் வந்து வீட்டோடு எடுத்துக்கொண்டு போயிற்று. வீட்டை விடு, உன் தம்பி பெனினையும் அல்லவா எடுத்துக்கொண்டு போயிற்று. இனி கடலுக்கு முகம் கொடுக்க மாட்டேன் என்று நீ சொன்னாய். சரி, குளம் குளமாகப் போவோம் என்று நான் சொன்னேன். அப்படி அலைந்ததில்தான் இரணியலுக்குத் தெற்கே மாவிளைக்குளத்தில் இது அகப்பட்டது. நீ அதன் ஜீன்கள் இரண்டு மூன்றை வாசித்து உறவு மரம் போட்டுப் பார்த்தபோது, தன் இனத்தாரை எல்லாம் விட்டு விலகி அடிக்கிளையில் தனியாக நின்றது. அந்தப் படத்தை என் மேசையில் விரித்து வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் கேண்டீனுக்குப் போய் ரசவடை தின்றோம். அதற்குப் பிறகு அப்படி ஒரு நாள் எனக்கு வரவில்லை.

சரி, ஒரேயடியாக ஒப்பாரி வைக்கவில்லை. ஜாடிதான் போயிற்று, குளம் இருக்கிறது. ஜூலையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கணுக்கால் முறிந்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது மழை. குளம் நிரம்பிக் கிடக்கும், இந்தக் காலோடு இறங்க முடியாது. கிறிஸ்துமஸ் லீவில் போய் வேண்டிய அளவு எடுத்து அனுப்புகிறேன். அனுப்புவதற்கான அனுமதிக் காகிதம் இன்னும் செல்லும். முழு ஜீனோமை நீ முதல் தடவை வாசித்தபோது பாதிக்குப் பாதி பாக்டீரியாவாக வந்ததே, அந்தப் பிரச்சினையும் புதுச் செடி வந்தால் தீரும். விசேஷமான ஜீன்கள் எல்லாம் ஒருவேளை பாக்டீரியாவுடையதாக இருக்குமோ என்று ஆராய்ச்சிப் பத்திரிகைக்காரர்கள் கேட்டதில் தவறில்லை. கரையில் வெயிலில் காயாமல் வாழ்வதற்கு வேண்டிய ஜீன்கள், ஒரு நாளும் கரையேறாத செடிக்குள் எதற்கு? கல்யாணமே ஆகாதவள் பெட்டியில் பட்டுப்புடவை மடித்து வைத்திருக்கிறாள் என்றால் ஊர் நம்புமா? பெட்டியைத் திறந்து காட்டத்தான் வேண்டும்.

இன்னொரு நல்ல சேதி உனக்குச் சொல்லவேயில்லை. குளத்தைத் தூர்வாரிவிடுவார்களோ, நாற்றத்துக்குப் பயந்து பெண்கள் பிடுங்கிப் போட்டுவிடுவார்களோ என்று எனக்கு நெடுநாள் பயம். ஜூனில் ஒரு மனு கொடுத்தேன். மனு எழுதித் தருகிற முத்துநாயகம் என்பவர், நான் நம் பாசியின் விஞ்ஞானப் பெயரைச் சேர்த்து 'சாரா என்னும் நீர்த்தாவரம்' என்று சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சாராயக் கேஸா டீச்சர்? பெண்ணுவ இதுக்கெல்லாம் வரப்பிடாது" என்றார். நான் விளக்கிச் சொன்னேன். நெல்லு, தென்னை, புல்லு, பூண்டு எல்லாம் ஒரு காலத்தில் தண்ணீருக்குள் கிடந்து கரையேறியவை. அந்தக் குடும்பத்தின் நெருங்கிய சொந்தம் தண்ணீரிலேயே தங்கிவிட்டது. அதில் ஒரு கிளை இந்தக் குளத்தில் மட்டும் இருக்கிறது என்றேன். "அப்பம் இது தென்னைக்க மாமி முறையா?" என்று கேட்டார். முறை சரியாக வருகிறது என்றேன். கடைசியில் சாராவை அடித்துவிட்டு நல்ல தமிழில், 'மாவிளைக்குளத்துப் பாசி அழியும் நிலையில் உள்ளது. அதைப் பாதுகாத்து வளர்க்க ஆவன செய்ய வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தோம். போன மாதம் பதில் வந்தது. என் கோரிக்கை ஏற்கப்பட்டு, மேற்படி குளத்தின் பாசி அபிவிருத்திக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டுவிட்டதாம்! அரசாங்கம் ஒரு பாசிக்காகக் கடிதம் போட்ட கதையை நீ எங்காவது கேட்டிருக்கிறாயா?

இங்கிருந்து நீ கொண்டுபோன அந்த ஒரு ஜாடியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். ஜின்சிக்கு என் முத்தம்.

என்றும் உன்,
தாணம்மாள்


நாகர்கோவில்,
6.1.2013

அன்புள்ள பிரிஜாவுக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. வாழ்த்தோடு இந்தக் கடிதத்தில் உள்ள நல்ல வார்த்தை முடிந்தது.

முதலில் உன் அம்மையைப் பற்றி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் குளச்சலுக்குப் போனேன். அந்த நாள் அவர்களுக்கு எப்படிப்பட்ட நாள் என்று உனக்குத் தெரியும். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கால் வீக்கம் குறைந்திருக்கிறது, சர்க்கரை குறையவில்லை. "எம்மோளு அங்க நல்ல மீனு கிட்டாம என்னத்தத் திங்குவாளோ" என்பதுதான் அன்றைக்கும் பேச்சு. எனக்குச் சாளை அவித்துத் தந்தார்கள். நீ அனுப்பிய ஸ்வெட்டரை இந்த வெக்கையிலும் போட்டுக் காட்டினார்கள்.

அங்கிருந்து திரும்பும் வழியில் மாவிளைக்குளத்துக்குப் போனேன். சுயம்புராஜ் வண்டியில் கூட்டிப்போனார். கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தேன். நம் பாசி இருக்கும்வரை அந்தத் தண்ணீர் எப்படிக் கிடக்கும்? அடி தெரியும் அல்லவா? இப்போது கலங்கிப் பச்சையாகக் கிடந்தது. புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு இறங்கினேன். தெற்குப் படித்துறை, நடுவில் அந்தச் சப்பைப் பாறை, மடையின் பக்கம், எல்லா இடத்திலும் கையை விட்டு அளைந்தேன். சேறு. சேற்றைத் தவிர வேறொன்றும் கைக்கு வரவில்லை.

குளத்தின் மீன் குத்தகைக்காரர் ராஜையன் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "டீச்சரு மனு குடுத்ததுகொண்டுதான் எங்களுக்கு இந்த மீன்குஞ்சு கிட்டிச்சு. இல்லேன்னா எவன் தருவான்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். ஆடிச் சாரலில் குளம் பெருகியதும் அதிகாரிகள் வண்டியில் வந்து புல்கெண்டைக் குஞ்சுகளை விட்டுவிட்டுப் போனார்களாம். "நாத்தப்பாசி மருந்துக்குக்கூட இல்ல டீச்சர். அம்புட்டையும் மீனு தின்னு தீத்துட்டு. பெண்ணுவ எல்லாம் இப்பம் சந்தோசமாக் குளிக்குதுவ" என்றார். மறுக்க மறுக்க ஒரு பெரிய மீனை வாழையிலையில் பொதிந்து என் கையில் தந்தார். அவர் கண்ணில் நன்றியைத் தவிர வேறெதுவும் இல்லை. நான் வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை, என் மனு போய்ச் சேர்ந்த மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் நல்ல மனிதர், உட்காரச் சொன்னார், கோப்பை எடுத்துக் காட்டினார். "பாசின்னா மீன்தானே டீச்சர்? பாசி அழியுது, வளக்கணும்னு நீங்கதானே எழுதியிருக்கிய?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மீன்பாசிக் குத்தகை, மீன்பாசி ஏலம் என்று பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறேன்! குளத்தில் மீன் பிடிக்கிற உரிமைக்குப் பாசி என்றே பெயர். மணி கோத்தால் பாசி, பயறென்றால் பாசி, பிரியாணிக்குக் கல்பாசி, நோன்புக்குக் கடல்பாசி, குளத்துக்கு என்றால் மீன். நம்முடையதற்கு மட்டும் தமிழில் இடம் இல்லை. பாசியைப் படித்துப் பட்டம் வாங்கியவள் பாசி என்று எழுதி அதை அழித்தேன். மீனிலேயே புல்லும் பாசியும் தின்பதற்கென்று பிறந்த ஒரு மீன் உண்டு, அதைத் தேடிக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல வழியில்லை, பிரிஜா. குறை சொல்ல ஒருவர் இருந்தால் திட்டியாவது ஆறிக்கொள்வேன்.

அந்த மீனை என்ன செய்தேன் என்று கேள். வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்களையில் வைத்துக் குடலைக் கீறினேன். எவ்வளவு நீளக் குடல்! பசபசவென்று அரைபட்ட பச்சை, நறநறவென்று சுண்ணாம்பு. நம் பாசியின் மேல் படிந்திருக்குமே, அதே சுண்ணாம்பு. ஒரு கணுவாவது உயிரோடு இருக்காதா என்று மறுநாள் லேபில் கொண்டுபோய் நுண்ணோக்கியில் பார்த்தேன். தண்ணீரில் போட்டு வைத்துப் பார்த்தேன். வேறு இனமாக இருந்தால் விதை போன்ற ஏதாவது குடலைத் தாண்டிப் பிழைக்கும், சேற்றில் வருஷக்கணக்காகக் கிடந்தும் முளைக்கும். நம்முடையது பெண் செடி மட்டும்தானே. ஆண் செடியை நாம் கண்ணால் கண்டதில்லை, முற்றிய விதையையும் கண்டதில்லை. ஒடிந்த துண்டு வேர்விட்டுத்தான் அது இத்தனை காலம் வாழ்ந்தது. மீன் ஒடித்துப் போடுவதில்லை, அரைத்து விழுங்குகிறது.

சுயம்புராஜ் என்னைத் தேற்றிப் பார்த்தார். "எங்கம்மை செத்தப்பம்கூட நீ இப்பிடி அழல்லியே, ஏட்டி. அய்யா உண்டு, விடு" என்று சாமி மேல் பாரத்தைப் போட்டார். அவர் அம்மை எனக்கும் நல்ல மாமிதான். ஆனால் மாமியை அறிந்தவர்கள் ஊரில் நூறு பேர் இருந்தார்கள். இதை அறிந்தவர்கள் நீயும் நானும்தான். நூறு பேர் அழ வேண்டியதை நான் ஒருத்தியே அழுதால் அப்படித்தான் இருக்கும்.

ஆக, உலகத்தில் இப்போது மிச்சம் இருப்பது உன் ஜாடியில் இருப்பது மட்டும். நீ டிசம்பரில் எழுதியிருந்தாய். அங்கே அது சரியாக வளரவில்லை, புதுச் செடி வராவிட்டால் இருப்பது அத்தனையையும் அரைத்தால்தான் டிஎன்ஏ போதும், பிப்ரவரி நடுவில் தவக்காலம் தொடங்கிய பிறகு செய்துவிடலாம் என்று புரொபசர் முடிவு செய்திருக்கிறார் என்று. எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

நிறுத்த வேண்டாம். அரைத்துவிடு.

மார்ச் கடைசியில் இங்கே நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ. எங்கள் துறையில் ஒரே ஒரு இடம். ஆராய்ச்சியில் என்ன சாதித்தீர்கள் என்று கேட்பார்கள். முழு ஜீனோம், அதுவும் உன் புரொபசர் பெயரும் என் பெயரும் சேர்ந்த பேப்பர் திருத்தி அனுப்பப்பட்டிருந்தாலே யாரும் என்னைத் தாண்டிப் போக முடியாது. இல்லையென்றால் ஏப்ரலிலிருந்து நான் வீட்டில். நம் புராஜக்டும் மார்ச்சோடு முடிகிறது, அந்த அறையை வேறு துறை கேட்டுவிட்டது. கல்லூரியில் காலடி வைத்ததிலிருந்து தற்காலிகம் என்ற வார்த்தையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நடக்கிறேன். பாசிதான் போயிற்று, அதை வைத்து நாமாவது பிழைப்போம். உனக்கும் அங்கே வேலை நீள இந்தப் பேப்பர் வேண்டும் அல்லவா?

சுத்தமாகக் கழுவிவிட்டுச் செய். இந்தத் தடவை பாக்டீரியா வரக்கூடாது.

அன்புடன்,
தாணம்மாள்


நாகர்கோவில்,
3.2.2013

என் பிரியமுள்ள பிரிஜாவுக்கு,

போன கடிதம் உன் கைக்கு வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு என்ன நினைத்தாயோ. 'சரி, செய்கிறேன்' என்று ஒரு வரி மட்டும் ஈமெயில் போட்டிருந்தாய். நீயும் இங்கிலீஷில் ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டாய். அந்த வரியை அன்றிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறேன்.

இந்த ஒரு மாதமும் நான் சும்மா இருக்கவில்லை. மாவிளைக்குளத்துச் சேற்றை வாளி வாளியாகக் கொண்டுவந்து, சலித்து, தொட்டிகளில் பரப்பி வைத்தேன். புழு வந்தது, கொசு வந்தது, எங்கோ கிடந்த அல்லி விதைகூட முளைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுயம்புராஜோடு இரணியல், தக்கலைப் பக்கம் குளம் குளமாகப் போனேன். பாதிக் குளத்தில் ஆகாயத்தாமரை, மீதிக் குளத்தில் வாழை வைத்திருக்கிறார்கள். ஒரு குளத்தை வரைபடத்தில் பார்த்துப் போனால் கல்யாண மண்டபம் நிற்கிறது. உள்ளே யாருக்கோ வளைகாப்பு, எங்களையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

போன புதன்கிழமை இன்டர்வியூவுக்காகக் கம்ப்யூட்டரில் ஸ்லைடு தயாரிக்க உட்கார்ந்தேன். முதல் ஸ்லைடில் அதன் படம், நீ எடுத்தது. தண்ணீருக்குள் வெயில் விழுந்து பச்சை விளக்கு போல நிற்குமே, அந்தப் படம். அதன் கீழே 'இந்தக் குளத்தில் மட்டும் காணப்படுகிறது' என்று அடித்தேன். அடித்துவிட்டு அழித்தேன். 'காணப்பட்டது' என்று மாற்றினேன். அடுத்த ஸ்லைடு உறவு மரம், அதற்கடுத்தது ஜீனோம். எத்தனை கோடி எழுத்துகள், எத்தனை ஆயிரம் ஜீன்கள் என்று எழுதுவதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன், நீ அரைத்த பிறகு நிரப்பிக்கொள்ள.

நாம் எதைத்தான் வாசிக்கிறோம், பிரிஜா? ஆளைக் கொன்றுவிட்டு அவன் ஜாதகத்தைக் கணித்து, பலன் பிரமாதம் என்று அச்சடிக்கப் போகிறோம். கரையில் வாழ்வதற்கான ஜீன் அதற்குள் இருந்தது என்று நிரூபிப்போம். இருந்தது என்றுதான் நிரூபிப்போம். இனி அது எதற்கும் இருக்கப் போவதில்லை. நாளைக்கு வேறொருத்தி வந்து, அந்த ஜீன் உயிருள்ள செடியில் என்ன வேலை செய்கிறது, காட்டு பார்க்கலாம் என்று கேட்டால் என் வேலை ஆர்டரைக் காட்டுவேனா?

அரைக்காதே, பிரிஜா. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வந்தேன். அரைக்காதே.

புரொபசர் கோபப்படுவார். உன் வேலைக்கும் இது நல்லதில்லை என்று தெரிந்தே கேட்கிறேன். உன் வீட்டில் சம்பாதிப்பது நீ, இங்கே உன் அம்மைக்கு மருந்து வாங்குவதும் நீ அனுப்புவதில்தான். அவ்வளவும் தெரிந்துதான் கேட்கிறேன். வேறு யாரிடம் கேட்பேன்? என் பெயர் எந்தப் பேப்பரிலும் வர வேண்டாம். இன்டர்வியூவுக்குப் போவேன். படத்தைக் காட்டுவேன், கேட்டால் கேட்கட்டும்.

போனை எடுத்தால் ஒரு நிமிஷ வேலைதானே, எதற்குத் தபால் என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். மூன்று நாளாகப் போனைக் கையில் எடுத்து எடுத்து வைக்கிறேன். போனில் சொன்னால் நீ அந்த நிமிஷமே நிறுத்திவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டால் எனக்கு மார்ச் இல்லை. நான் அவ்வளவு நல்லவள் இல்லை, பிரிஜா. வேலையும் வேண்டும், அதுவும் வாழ வேண்டும் என்று ஒரே மனசு இரண்டு பக்கமும் இழுக்கிறது. போன் பண்ணவும் கை வரவில்லை, பேசாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் தபாலில் விடுகிறேன். நாளைக் காலையில் மணிமேடைத் தபாலாபீசில் சேர்த்துவிடுவேன். பிறகு அது போகிற வேகத்துக்குப் போகட்டும்.

இந்தக் கடிதம் முந்தி வந்தால், ஜாடியைக் குளிர்ந்த இடத்தில் வை. நேர் வெயில் வேண்டாம். துளிர் நீண்டதும் கிள்ளி இன்னொரு ஜாடியில் நடு. அது பிடித்ததும் இன்னொன்றில். யாராவது பிரியமாகக் கேட்டால் அவர்களுக்கும் ஒரு துண்டு கொடு. ஜின்சிக்குக் காட்டிக் கொடு, அவளுக்கும் பெயர் தெரிந்திருக்கட்டும்.

பிந்தி வந்தால் எனக்கு எழுதாதே. போன் பண்ணாதே. அச்சான பேப்பரையும் அனுப்பாதே. பதில் வராவிட்டால், கடிதம் இன்னும் உனக்குக் கிடைக்கவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். வெளிநாட்டுத் தபால் பிந்துவது வழக்கம்தானே. எத்தனை வருஷமானாலும் அப்படியே நினைத்துக்கொள்வேன்.

மாதா உன்னையும், உன் வீட்டில் உயிரோடு இருக்கிற எல்லாவற்றையும் காப்பாற்றட்டும்.

உன்,
தாணு